கலர் கண்ணாடியும் டிஎன்ஏவும்

காரைக்குடியில் எங்கள் பழைய வீட்டு ஜன்னலுக்குக் கலர் கண்ணாடி. மூன்று மணி வெயில் சாய்ந்தால் ஆத்தங்குடிக் கல் தரையில் சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள் என்று கட்டம் கட்டமாக விழும். நேற்று அங்கே உட்கார்ந்துதான் டிஎன்ஏவின் எழுத்து வரிசையை எப்படிப் படிக்கிறார்கள் என்று அப்பத்தாவுக்கு விளக்கினேன் (வேறு வேலை இல்லை).

சென்னையில் பிறந்த விஞ்ஞானி சங்கர் பாலசுப்ரமணியனும், சக விஞ்ஞானி டேவிட் கிளெனர்மனும் 1990களில் கேம்பிரிட்ஜில் உருவாக்கத் தொடங்கிய முறை அது. டிஎன்ஏவைத் துண்டாக்கிக் கண்ணாடித் தகட்டில் ஒட்டி, எதிர் இழையை ஒவ்வோர் எழுத்தாக வளர்க்கிறார்கள். டிஎன்ஏவின் வேதி எழுத்துகளான ஏ, டி, ஜி, சி நான்குக்கும் தனித்தனி ஒளிரும் சாயம். லேசர் பட்டு எந்த நிறம் மின்னுகிறதோ, அதுதான் எழுத்து. படம் எடு, சாயத்தைக் கழற்று, அடுத்த எழுத்து. இப்படிக் கோடிக்கணக்கான புள்ளிகள் ஒரே நேரத்தில்! மனித ஜீனோமில், அதாவது மனிதனின் மொத்த டிஎன்ஏ தொகுப்பில், சுமார் 300 கோடி எழுத்து. 1990இல் தொடங்கிய முதல் ஜீனோம் திட்டம் முடிய 13 வருஷம் ஆனது. இன்றைக்கு ஓரிரு நாள் வேலை.

எல்லாம் கேட்டுவிட்டு அப்பத்தா, "யாரு பங்காளி, யாரு சம்பந்தம் பண்ணலாம்னு நம்ம நகரத்தார் ஒன்பது கோயில்ல யாரு எந்தக் கோயில்னு வச்சே சொல்லிப்புடுவோம்ல. இதுக்கு லேசர் வேறயா?" என்றார்கள்.

சரி என்று எழுந்து வெள்ளைப் பணியாரம் சாப்பிடப் போய்விட்டேன்.