புதுசா லாரி ஏறுற தம்பிகளுக்கு

கடலூர் சிப்காட்ல லோடுக்கு வரிசையில நிக்கிற நேரம் அரட்டைக்கு இல்ல, தூக்கத்துக்கு. ராத்திரி 2 மணியிலிருந்து 5 வரை கண்ணு தானா சொக்கும். டீ வேலை செய்யவே அரைமணி ஆகும். அதனால குடிச்சதும் பங்க்ல ஒதுக்கி 20 நிமிஷம் படுங்க. எழுந்திரிக்கும்போது ரெண்டும் சேர்ந்து கைகொடுக்கும். ரோட்டோரத்துல மட்டும் நிறுத்தாதீங்க.

டயர்ல காத்து பார்க்கிறது காலையில, வண்டி ஓடுறதுக்கு முன்னாடி. சூட்டுல அளவு ஏறித்தான் காட்டும். அப்ப காத்தை இறக்கினா ஆறினதும் குறைஞ்சு நிக்கும், டயர் வெடிக்கிறதே அப்படித்தான். பின் ஜோடி டயர் இடுக்குல கல்லு மாட்டியிருக்கான்னு பாருங்க. பிரேக்குக்குக் காத்து அடைக்கிற ஏர் டேங்க்ல சேர்ற தண்ணியைத் தினமும் வடிச்சிடுங்க. நம்ம கடலோரக் காத்துல ஈரம் ஜாஸ்தி, பிரேக் வால்வு துருப்பிடிச்சிடும்.

ராத்திரி ஓட்டணும்னா பரோட்டா வேணாம், ரெண்டு இட்லி போதும்.