எம்எஸ்டிக்கு மாறிய இரவில் 140-ஆம் விலேன் காணாமல் போன கதை

எங்கள் நெட்வொர்க் ஸ்விட்சுகளை ரேபிட் பிவிஎஸ்டியிலிருந்து எம்எஸ்டிக்கு மாற்றும் வேலையை ஒருவழியாக முடித்துவிட்டேன். இரண்டும் ஸ்பேனிங் ட்ரீயின் வகைகள்: லிங்குகள் வட்டமாகி (லூப்) டேட்டா சுற்றிக்கொண்டே இருக்காமல், மிகையான லிங்கை அடைத்துவைக்கும் முறை. பிவிஎஸ்டி ஒவ்வொரு விலேனுக்கும் (ஸ்விட்சுகளுக்குள் பிரித்த தனி நெட்வொர்க்) ஒரு மரம் போடும், எம்எஸ்டி பல விலேன்களைச் சேர்த்து ஒரு மரம் போடும். மூன்று மணி நேர வேலை என்று இறங்கியது, விடியும்வரை இழுத்தது. இதே வேலையைக் கையில் எடுக்கப்போகிறவர்களுக்காக, அடிபட்ட இடங்களை மட்டும் சொல்கிறேன்.

எங்கள் ஆக்சஸ் ஸ்விட்சுகள் (பயனர்களின் கருவிகள் இணையும் ஸ்விட்சுகள்) 128 ஸ்பேனிங் ட்ரீ இன்ஸ்டன்ஸுக்கு (ஓர் இன்ஸ்டன்ஸ் என்றால் ஒரு மரம்) மேல் தாங்காது. விலேன்கள் அதைத் தாண்டினால், மிஞ்சியவற்றுக்கு ஸ்பேனிங் ட்ரீயே ஓடாது. லூப் விழுந்தால் தடுக்க எதுவும் இல்லை. அதனால்தான் மாறினோம். விலேன் 1 முதல் 99 வரை இன்ஸ்டன்ஸ் 1, அதற்கு முதல் கோர் (நடுவில் இருக்கும் முதன்மை ஸ்விட்ச்) ரூட், அதாவது மரத்தின் வேர். 100 முதல் 299 வரை இன்ஸ்டன்ஸ் 2, அதற்கு இரண்டாவது கோர் ரூட். முன்னுரிமை எண் ரூட்டுக்கு 4096, மாற்று ரூட்டுக்கு 8192 (சிறிய எண்ணே வெல்லும்). இதெல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தது.

முதல் அடி ரீஜன் பெயரில். பெயர், ரிவிஷன் எண், விலேன் மேப்பிங் (எந்த விலேன் எந்த இன்ஸ்டன்ஸில் என்ற பட்டியல்) மூன்றும் ஒன்றாக இருக்கும் ஸ்விட்சுகள்தான் ஒரே ரீஜன். ஒரு ஸ்விட்சிலிருந்து கோர்களுக்குப் போகும் அப்லிங்க் இரண்டிலும் 'பவுண்டரி', அதாவது ரீஜனின் எல்லை என்று காட்டியது. டைஜஸ்டை (மேப்பிங்கிலிருந்து கணக்கிடும் சுருக்கக் குறியீடு) ஒப்பிட்டேன், அச்சு அசலாக ஒன்றுதான். ரிவிஷனும் ஒன்றுதான். இருபது நிமிடம் போனது. டைஜஸ்ட் விலேன் மேப்பிங்கை மட்டும்தான் கணக்கிடும், பெயர் அதில் சேராது. அந்த ஸ்விட்சில் மட்டும் பெயரின் முதல் எழுத்து சிறிய எழுத்து! மற்ற எல்லாவற்றிலும் பெரிய எழுத்து. பெயரைத் தட்டாதீர்கள், காப்பி செய்து ஒட்டுங்கள். ஓர் ஆக்சஸ் ஸ்விட்ச் இன்ஸ்டன்ஸ் 2-க்குத் தானே ரூட் என்று சொன்னால், முதலில் பெயரைப் பாருங்கள்.

அதைச் சரிசெய்து நிமிர்ந்தபோது, வேறொரு ஸ்விட்சில் விலேன் 140 மொத்தமாகச் செத்திருந்தது. போர்ட்டுகள் அப், பக்கத்து விலேன்கள் எல்லாம் ஓடுகின்றன, இது மட்டும் இல்லை. காரணம், முன்பு யாரோ முதல் கோருக்குப் போகும் டிரங்கில் (பல விலேன்களைச் சுமக்கும் லிங்க்) மட்டும் 140-ஐ அனுமதித்திருக்கிறார்கள், இரண்டாவதில் சேர்க்கவில்லை. பிவிஎஸ்டியில் ஒவ்வொரு விலேனுக்கும் தனி மரம் என்பதால், இருக்கிற ஒரே லிங்கில் 140 ஓடிக்கொண்டிருந்தது. எம்எஸ்டி அனுமதிப் பட்டியலைப் பார்த்து மரம் போடுவதில்லை. இன்ஸ்டன்ஸ் 2-க்கு ரூட் இரண்டாவது கோர் என்றானதும் முதல் அப்லிங்கை அடைத்துவிட்டது. திறந்திருக்கும் லிங்கில் 140-க்கு அனுமதி இல்லை, அனுமதி இருக்கும் லிங்க் பிளாக்கில். மாறுவதற்கு முன் ஒவ்வொரு டிரங்கின் அனுமதிப் பட்டியலையும் எடுத்து, ஒரே இன்ஸ்டன்ஸில் விழும் விலேன்கள் எல்லா அப்லிங்கிலும் இருக்கின்றனவா என்று சரிபார்த்தே ஆக வேண்டும். நான் பார்க்காமல் விட்டது இதைத்தான்.

சரி, சேர்த்துவிடலாம் என்று எஸ்எஸ்எச் (நெட்வொர்க் மூலம் தொலைவிலிருந்து நுழையும் முறை) வழியே உள்ளே போய் 'ஸ்விட்ச்போர்ட் டிரங்க் அலவ்டு விலேன் 140' என்று அடித்து என்டர் தட்டினேன். 'ஆட்' என்ற சொல் விட்டுப்போனது. பழைய பட்டியல் முழுக்க அழிந்து, அந்த டிரங்கில் 140 மட்டும் மிஞ்சியது. ஸ்விட்சுக்குள் நுழையப் பயன்படும் மேனேஜ்மென்ட் விலேன் 150, அதுவும் அதே டிரங்கில். திரை அப்படியே உறைந்தது. கன்சோல் கேபிளோடு அடுத்த கட்டிடத்துக்கு ஓடினேன். ரேக் அறைச் சாவிக்காகத் திரும்பி வந்து, மறுபடியும் ஓடினேன். பேக்கப் கான்ஃபிகிலிருந்து பட்டியலை எடுத்து, இம்முறை 'ஆட்' போட்டு 140-ஐச் சேர்த்தேன். பிங் முதல் பதில் தந்தபோதுதான் மூச்சு வந்தது.

தூரத்தில் இருக்கும் ஸ்விட்சில் டிரங்கைத் தொடும் முன் கான்ஃபிகைச் சேமித்துவிட்டு 'ரீலோட் இன் 10' போடுங்கள். வழி அறுந்தாலும் பத்து நிமிடத்தில் ஸ்விட்ச் தானே ரீபூட் ஆகி, சேமித்த பழைய நிலைக்குத் திரும்பும். வேலை சரியாக முடிந்தால் மறக்காமல் 'ரீலோட் கேன்சல்'.

இன்னொன்று: இன்னும் உருவாக்காத விலேன்களையும் இப்போதே மேப்பிங்கில் சேர்த்துவிடுங்கள். பிறகு ஒரே ஒரு விலேனை இடம் மாற்றினாலும் டைஜஸ்ட் மாறும். எல்லா ஸ்விட்சிலும் மாற்றி முடிக்கும்வரை ரீஜன் உடைந்தே கிடக்கும். நான் 300 முதல் 4094 வரை எல்லாவற்றையும் அன்றைக்கே இரண்டாகப் பிரித்துப் போட்டுவிட்டேன்.