மாற்றம் என்ற சொல்லும் என் பழைய சந்தேகமும்

இலங்கைத் தமிழரசுக் கட்சிக்கே வாக்களித்துப் பழகிய குடும்பத்தில் பிறந்தவன் என்பதால், தேசிய மக்கள் சக்தியின் தலைவரும் ஜனாதிபதியுமான அநுர குமார திசாநாயக்கவின் வாக்குறுதிகளை நான் நடுநிலையோடு எடைபோடுகிறேன் என்று சொன்னால் அது பொய்யாகிவிடும். அவர் இன்று சொல்வதுபோலவே, நிறைவேற்று அதிகார ஜனாதிபதி முறையை ஒழிப்பதாக 1994இல் சந்திரிகா குமாரதுங்க கூறியபோது, கொழும்பில் வேலை பார்த்த அப்பா அதை நம்பி வாக்களித்தார். 2015இல் மைத்திரிபால சிறிசேனவும் அதையே கூறினார். அவரது ஆட்சியில் வந்த அரசியலமைப்பின் பத்தொன்பதாவது திருத்தம் சில அதிகாரங்களைக் குறைத்ததே தவிர, அந்தப் பதவி அப்படியே இருந்தது.

என் சந்தேகத்தின் வேர் இதைவிட ஆழமானது. வடக்கு, கிழக்கு மாகாணங்களை இணைத்தது செல்லாது என்று 2006இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளிக்கக் காரணமான வழக்கின் பின்னால் நின்றது, இன்றைய தேசிய மக்கள் சக்தியின் முதுகெலும்பான ஜே.வி.பி. (மக்கள் விடுதலை முன்னணி) தான் என்பதை, ஊழலற்ற ஆட்சி என்ற நல்ல முழக்கத்தின் வெளிச்சத்தில் என்னால் மறந்துவிட முடியவில்லை.

ஆனாலும் 2024 நவம்பர் பொதுத் தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்தின் ஆறு ஆசனங்களில் மூன்றை அந்தச் சக்தியே வென்றது. எங்கள் கட்சியின் உட்பூசலில் சலித்துப்போன (நானும் சலித்தவன்தான்) அயலவர்களின் தீர்ப்பு அது. 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நீக்குவதாகவும், மாகாண சபைத் தேர்தல்களை நடத்துவதாகவும் அவர்கள் சொன்னார்கள். வட மாகாண சபையின் பதவிக்காலம் முடிந்தது 2018 அக்டோபரில். அந்தத் தேர்தலுக்கான வாக்குச்சீட்டு என் கைக்கு வரும் நாளில், இந்தப் பதிவைத் திருத்தி எழுதுவேன்.