கலர் போயிருச்சு, உப்பு போகலீங்க

திருப்பூர் பக்கம் ஒரு சாயப்பட்டறைல ஈடிபி, அதாவது கழிவுத் தண்ணியை சுத்தம் பண்ற பிளான்ட்டோட லேப்ல வேலைக்கு சேந்து 11 வருஷம் ஆச்சு. பிளான்ட்டை பாக்க யாரு வந்தாலும் நேரா கிளாரிஃபையர்கிட்டதான், அழுக்கு அடில தங்கி தண்ணி தெளியற தொட்டிகிட்டதான் போய் நிப்பாங்க. கருஞ்சிவப்பா உள்ள போன தண்ணி இந்தப்பக்கம் தெளிஞ்சு வழியறதை பாத்துட்டு "அட, சூப்பரா இருக்குதுங்க, ஆத்துல விட்டா என்ன"ன்னு கேப்பாங்க. நான் ஒண்ணும் சொல்றதில்ல, ஒரு டம்ளர்ல மொண்டு டிடிஎஸ் மீட்டரை வைப்பேன், ஒரு லிட்டர் தண்ணில எத்தனை மில்லிகிராம் உப்பு கரைஞ்சிருக்குன்னு காட்டறது. 6,400 காட்டும். குடிக்கற தண்ணிக்கு 500க்குள்ள இருக்கணும், வேற வழியே இல்லேன்னா 2,000 வரைக்கும் போகலாம். அவ்வளவு நேரம் பாராட்டுனவங்க அப்பறம் டம்ளர் பக்கமே திரும்ப மாட்டாங்க.

காட்டன் துணில ரியாக்டிவ் சாயம் ஏறணும்னா உப்பு வேணும். கருப்பு, நேவி மாதிரி டார்க் கலருக்கு ஒரு லிட்டர் தண்ணிக்கு 60, 80 கிராம் கூட போடுவாங்க. சாயத்தை துணி பக்கம் தள்றதோட உப்போட வேலை முடிஞ்சுது, துணில அது தங்காது, போட்டது அத்தனையும் தண்ணியோட வெளிய வந்துரும். காத்து ஊதற ஏரேஷன் டேங்க்ல இருக்கற பாக்டீரியா மத்த அழுக்கை திங்கும், கலரையும் கொஞ்சம் கொறைக்கும், உப்பை அதால ஒண்ணும் பண்ண முடியாது. கலர் எல்லாத்துக்கும் தெரியும், அதனால சண்டை போடலாம், உப்பு சத்தமில்லாம கெணத்துக்குள்ள எறங்கிரும்.

எங்க ஊரு நொய்யல் ஆத்தோரம்தான், ஒரத்துப்பாளையம் அணைக்கு கிட்ட. 1992ல பாசனத்துக்குன்னு கட்டுன அணை, கடைசில சாயத்தண்ணி வந்து சேந்து, அதுல தண்ணியை தேக்காதீங்கன்னு விவசாயிங்களே போராட வேண்டியதாப் போச்சு. நான் சின்னப்பையனா இருக்கும்போது அம்மா எங்க கெணத்துத் தண்ணில பருப்பு போட்டா ரெண்டு மணி நேரம் ஆனாலும் வேகாது, சோடா உப்பு போட்டு வேக வெப்பாங்க. கெணத்துல சாயக் கலர் எதுவும் வரல, தண்ணி கண்ணாடி மாதிரிதான் இருந்துச்சு. அதுதான் எரிச்சல். 2011 ஜனவரில ஐகோர்ட்டு சாயப்பட்டறைங்களை மூடச் சொன்னப்ப ஊரே ரெண்டா பிரிஞ்சுது, பாதி வீட்ல சந்தோஷம், பாதி வீட்ல வேலை போச்சு. எங்க வீட்ல ரெண்டுமே. மாமா டையிங் மெஷின்ல வேலை பாத்தாரு.

அதுக்கப்பறம் சொட்டு தண்ணி வெளிய விடக்கூடாதுங்கறதுதான் கண்டிஷன். ஆர்ஓ போட்டு, அதாவது மெம்ப்ரேன்ங்கற மெல்லிசான சவ்வு வழியா அழுத்தி உப்பை பிரிச்சு, நல்ல தண்ணியை எடுத்து திரும்ப சாயம் போடவே அனுப்பிரணும், மிஞ்சற உப்புத் தண்ணியை, ரிஜெக்ட்டை, எவாப்பரேட்டர்ல காய்ச்சி உப்பா எடுக்கணும். கேக்க நல்லாத்தான் இருக்கும், ஆனா பாய்லருக்கு எரிக்கற வெறகுலயும் கரண்ட் பில்லுலயும்தான் அந்த நல்ல தண்ணி உண்டாகுது. எதுக்கும் ஆகாத கலப்பு உப்பு மூட்டை மூட்டையா ஷெட்ல கெடக்கும், அதை பாத்தா இன்னைக்கும் எனக்கு வயித்தை பெசையும்.

நான் பண்ணுன தப்பையும் சொல்லிர்றேன். சேந்து மூணாவது வருஷம், நைட் ஷிஃப்ட். கலரை எடுக்க ஹைப்போங்கற குளோரின் மருந்தை விடுவோம், அதுல மிஞ்சற குளோரின் ஆர்ஓ மெம்ப்ரேனுக்கு ஆகாது, அதனால முன்னாடியே எஸ்எம்பிஎஸ்ங்கற மருந்தை அளவா பம்ப்ல விட்டு, டோசிங் பண்ணி குளோரினை கொன்னுரணும். அந்த டோசிங் பம்ப்ல காத்து அடைச்சு ஏர்லாக் ஆயிருச்சு. பம்ப் டக்டக்னு அடிச்சுட்டேதான் இருந்துச்சு, சத்தம் வருதே, ஓடுதுன்னு நெனச்சுட்டு டியூப்ல மருந்து நகருதான்னு குனிஞ்சு பாக்கல. குளோரின் மிஞ்சுனா ஏறற ஓஆர்பி மீட்டர் ஏறுனதையும் மணிக்கொருக்கா ரெஜிஸ்டர்ல ஒழுங்கா எழுதிட்டே இருந்திருக்கேன், எழுதுனேனே ஒழிய படிக்கல. மெம்ப்ரேன் கெட்டு, ஆர்ஓ தாண்டி வர்ற நல்ல தண்ணில 150 இருந்த டிடிஎஸ் ரெண்டு வாரத்துல 700 தாண்டிருச்சு.

அதுக்கப்பறம்தான் வேடிக்கை. அந்தத் தண்ணி டையிங்குக்கு போச்சு, ஷேடு மாறிருச்சு, ஒரு லாட்டு துணி பூராவும் ஏறுன கலரை உருவி எடுத்துட்டு மறுபடி சாயம் போட்டாங்க. அப்ப தண்ணியும் ரெண்டு மடங்கு, உப்பும் ரெண்டு மடங்கு, அது மொத்தமும் திரும்ப என் டேங்குக்கே வருது. தண்ணியோட தரம் கெட்டா அளவும் கூடவே கெடும்னு அன்னைக்குத்தான் உறைச்சுது. மேனேஜர் திட்டவே இல்ல, மெம்ப்ரேன் கொட்டேஷனை மட்டும் என் டேபிள்ல வெச்சுட்டு போயிட்டாரு, அதுக்கு திட்டியிருக்கலாம்.

அதுல இருந்து நான் லேப்ல உக்கார்றது கொறைஞ்சுது, டையிங் பக்கமே போய் நிப்பேன். சாயம் முடிஞ்சதும் வாஷ் பண்றப்ப மேல தண்ணியை தொறந்து விட்டு கீழ வழிய விடுவாங்க, ஓவர்ஃப்ளோ. டையிங் மாஸ்டர்கிட்ட "அண்ணா, வழிய விடாம ரொப்பி வடிச்சு, ரொப்பி வடிச்சு பண்ணுனா பாதித் தண்ணி போதுமுங்க"ன்னேன். "தம்பி, நீ உன்ற வேலையைப் பாரு, துணில கலர் எறங்குச்சுன்னா நீயா வந்து பார்ட்டிக்கு பதில் சொல்லுவ?"ன்னாரு. அவரு சொன்னதும் நியாயம்தான். அப்பறம் ஒரு சின்ன லாட்ல பண்ணிப் பாத்தோம், வடிச்ச தண்ணியை கண்ணாடி கிளாஸ்ல புடிச்சு வரிசையா வெச்சோம், நாலாவது கிளாஸ்லயே தெளிஞ்சுருச்சு, ஆனா மெஷின் வழக்கமா இன்னும் 20 நிமிஷம் வழிய விட்டுட்டுதான் நிக்கும். அண்ணன் கிளாஸை தூக்கி டியூப்லைட்டுக்கு நேரா காட்டிப் பாத்துட்டு ஒண்ணும் பேசாம போயிட்டாரு, மறுநாள் புரோகிராமை மாத்தியிருந்தாரு. பழைய வின்ச் மெஷின்ல ஒரு கிலோ துணிக்கு ஒரு தடவைக்கு 20 லிட்டர் தண்ணி வெப்பாங்க, இப்ப இருக்கற சாஃப்ட் ஃப்ளோ மெஷின்ல 6, 8 லிட்டர் போதும், தண்ணி கொறைஞ்சா அதே கணக்குல உப்பும் கொறையுது. என் பிளான்ட்ல கோடி ரூவாய்க்கு பண்ற வேலையை அங்க ஒரு வால்வை அஞ்சு நிமிஷம் முன்னாடி மூடுனா பண்ணிரலாம். இதை மீட்டிங்ல சொன்னா யாரும் நோட் பண்ணிக்கறதில்ல, அது வேற விஷயம்.

பொங்கலுக்கு ஊருக்கு போனா மீட்டரை பாக்கெட்ல போட்டுட்டுதான் போவேன். மொத வருஷம் எங்க கெணத்துல 4,100. போன தடவை நல்ல மழைக்கு அப்பறம் 2,600. அம்மா பக்கத்துலயே நின்னு எட்டிப் பாத்துட்டு "பருப்பு வேகுமா சாமி"ன்னாங்க. இன்னும் இல்லம்மான்னேன். சரின்னு கொடத்தை தூக்கிட்டு பைப்புக்கு போயிட்டாங்க.