டயாலிசிஸுக்குப் போகும் சகோதரனை இளைப்பாற்றுவது

ஒநேசிப்போருவைப் பற்றி வேதத்தில் ஒருசில வரிகள்தான் உண்டு. "அவன் அநேகந்தரம் என்னை இளைப்பாற்றினான்; என் விலங்கைக்குறித்து அவன் வெட்கப்படவில்லை" என்று சிறையிலிருந்து பவுல் எழுதுகிறார் (2 தீமோத்தேயு 1:16). அங்கே வரும் கிரேக்கச் சொல்லில் குளிரச் செய்தல் என்ற பொருள் இருக்கிறது. ஒநேசிப்போரு என்ன பேசினான் என்று பவுல் சொல்லவில்லை. ரோமாவில் தேடிக் கண்டுபிடித்ததையும், அநேகந்தரம் இளைப்பாற்றியதையும் சொல்கிறார். அந்த "அநேகந்தரம்" நம் சபைகளில் மூன்றாம் மாதத்தோடு நின்றுபோகிறது.

கோலாலம்பூரின் செந்தூலோ பிரிக்பீல்ட்ஸோ, நம் தமிழ்ச் சபைகளில் இனிப்புநீர் முற்றிச் சிறுநீரகம் கெட்டு, மெஷினில் ரத்தத்தைச் சுத்திகரிக்கும் டயாலிசிஸுக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலும் வாரத்துக்கு 3 நாள், ஒரு தடவைக்கு ஏறக்குறைய 4 மணி நேரம். இது ஆண்டுக்கணக்கில் தொடரும். முதல் வாரம் வீடு நிறையக் கூட்டம் வந்து, போகப்போக யாரும் வராமல் போவதுதான் அவர்களை அதிகம் நோகடிக்கிறது.

சிகிச்சை முடிந்த அன்று சாயங்காலம் போகாதீர்கள். உடம்பு துவண்டு, தலை சுற்றிப் படுத்திருப்பார்கள். இடைநாளில் போங்கள். இரண்டு பேர், அரை மணி நேரம், ஒரு சங்கீதம் போதும். 121-க்கு எட்டே வசனம். கைபிடித்து ஜெபிக்கும்போது ஊசி போடும் கையை அழுத்தக் கூடாது, மற்றக் கையைப் பிடியுங்கள். ஊசிக்காக அறுவைச் சிகிச்சையில் அமைத்த ரத்தக்குழாய் அடைபட்டால் திரும்பவும் அறுவைச் சிகிச்சை வரைக்கும் போகலாம்.

பழக்கூடையை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். வாழைப்பழத்திலும் இளநீரிலும் பொட்டாசியம் அதிகம். அது ரத்தத்தில் தேங்கினால் இதயத் துடிப்பையே குலைக்கும். நட்சத்திரப் பழம் இவர்களுக்கு விஷம். "வெயில்ல வந்தோம், நீங்களும் கொஞ்சம் குடிங்க" என்று வற்புறுத்துவதும் தப்பு, தண்ணீருக்கும் அளவு உண்டு. என்ன கொண்டுவரலாம் என்று வீட்டு அம்மாவிடம் முன்னாலேயே கேட்டால் தீர்ந்தது.

"ஏதாவது தேவைன்னா சொல்லுங்க" என்பது அன்பாகத்தான் சொல்லப்படுகிறது. ஆனால் களைத்துப்போனவர் வாய் திறந்து கேட்கமாட்டார். "அண்ணே, வியாழக்கிழமை காலையில 6 மணிக்குக் காரோட வாசல்ல நிப்பேன்" என்று சொல்லிப் பாருங்கள். 6 பேர் சேர்ந்தால் மூவர் கொண்டுவிடவும் மூவர் கூட்டிவரவும் முடியும்; ஆளுக்கு வாரத்தில் ஒரே ஒரு பயணம். 4 மணி நேரம் முடிந்ததும் வெளியே வந்துவிடமாட்டார், ஊசி எடுத்த இடத்தில் ரத்தம் நிற்க வேண்டும். கூட்டிவருகிறவர் கணக்கை 5 மணி நேரமாக வைத்துக்கொள்ளட்டும். ஆறில் ஒருவருக்கு வரமுடியாமல் போகும் நாளுக்கு ஏழாவது ஆள் ஒருவர் தயாராக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரே மாதத்தில் இந்த ஏற்பாடு கலைந்துவிடும்.

மலாய் மொழி விண்ணப்பப் படிவம் நிரப்பத் தெரிந்தவர் சபையில் இருந்தால் அவருடைய ஊழியம் இதுதான். தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவில் தகுதியுள்ள சந்தாதாரர்களுக்கு டயாலிசிஸ் உதவி உண்டு. விண்ணப்பிக்கத் தெரியாமல் கையிலிருந்து கட்டுகிறவர்கள் இருக்கலாம். பண உதவியை உறையில் போட்டு வீட்டில் கொடுங்கள், ஆராதனையில் அறிவிக்க வேண்டாம். வாட்ஸ்அப் ஜெபக்குழுவில் பெயரையும் நோயையும் போடுமுன் அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லவேண்டும். "விசுவாசம் இருந்தா மெஷின் எதுக்கு?" என்று யாரும் கேட்கக் கூடாது. அதை நம்பிச் சிகிச்சையை நிறுத்தினால் உயிர் போகும். எந்தப் பாவத்தால் இது வந்தது என்று துருவுவதும் வேண்டாம். யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தவரைக்கும் நல்லவர்களாகத்தான் இருந்தார்கள்.

மனைவியை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். உப்பில்லாமல் தனியாகச் சமைப்பதும், மாத்திரை எண்ணுவதும், ராத்திரி விழித்திருப்பதும் அவர்தான். மாதத்தில் ஒரு ஞாயிறு யாராவது ஒருவர் கணவரோடு வீட்டில் இருங்கள். அந்த அக்கா ஆராதனை முழுக்க உட்கார்ந்து, திருவிருந்தும் எடுத்து, பிறகு சபை மண்டபத்தில் நாலு பேரோடு தேநீர் குடித்துவிட்டு அவசரமில்லாமல் வீடு திரும்பட்டும்.