துளை சரிவது சூளையில் அல்ல

அடுக்கு சிலிகேட்டிலிருந்து நுண்துளை சிலிகா தயாரிக்கும்போது, சுட்ட பொடியில் துளைகள் சரிந்திருந்தால் எல்லோரும் முதலில் சூளையைத்தான் சந்தேகிப்பார்கள். பெரும்பாலும் கோளாறு அதற்கு முன்பே, அமிலம் விட்டு பிஎச் (அமில-கார அளவு) இறக்கும் கட்டத்திலேயே நடந்து முடிந்திருக்கும்.

கேனமைட் என்ற சோடியம் அடுக்கு சிலிகேட்டிலிருந்து இப்பொடியைத் தயாரிக்கும் வழியை 1990-இல் வசேடா பல்கலைக்கழகத்தின் குரோடா குழு வெளியிட்டது. மொபில் எண்ணெய் நிறுவனத்தின் பிரபலமான நுண்துளை சிலிகாவான எம்சிஎம்-41 வந்தது 1992-இல். கேனமைட் வழி முந்தியது என்பது இன்னும் பரவலாகச் சொல்லப்பட வேண்டியது. எஃப்எஸ்எம்-16 என்ற நுண்துளை சிலிகா இவ்வழியில் பிறந்ததே.

சிலிகாவும் சோடியம் ஆக்சைடும் 2:1 மோல் விகிதத்தில் உள்ள சோடியம் சிலிகேட்டை 700 டிகிரியில் 6 மணி நேரம் சுட வேண்டும். 50 கிராம் பொடிக்கு 500 மில்லி தண்ணீர். 3 மணி நேரம் கலக்கி வடிகட்டினால் கேனமைட். அதை உலர்த்தாமல் ஈரக்களியாகவே எடுத்துக்கொள்வது நல்லது. அதிகம் கழுவினால் சோடியம் போய் ஹைட்ரஜன் அந்த இடத்தைப் பிடித்துவிடும். பிறகு, துளைக்கு அச்சாக நிற்கும் சோப்பு போன்ற சர்ஃபாக்டன்ட் அடுக்குகளுக்குள் சரியாக நுழையாது.

களியை, சர்ஃபாக்டன்ட்டான ஹெக்ஸாடெசில்ட்ரைமெத்தில்அமோனியம் குளோரைடின் 0.1 மோலார் கரைசல் ஒரு லிட்டரில் போட்டு, 70 டிகிரியில் 3 மணி நேரம் கலக்க வேண்டும். அப்போது பிஎச் 11.5-க்கு மேல் இருக்கும். அடுக்குகள் வளைந்து சர்ஃபாக்டன்ட்டைச் சூழ்ந்தாலும், சுவரில் சிலிக்கான்–ஆக்சிஜன் பிணைப்புகள் முழுமையடைவதில்லை. இப்படியே எடுத்துச் சுட்டால் சுவர் சுருங்கிவிடும்.

அதற்காகத்தான் 2 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம். சொட்டுச் சொட்டாக, பலமாகக் கலக்கியபடி விட்டு 8.5-க்குக் கொண்டுவர வேண்டும். ஒரேயடியாக ஊற்றினால் விழுந்த இடத்திலேயே, கரைந்திருக்கும் சிலிகா ஒழுங்கற்ற ஜெல்லாகத் திரண்டுவிடும். 8.5-ஐத் தொட்டதும் வேலை முடிந்தது என்று நகர்ந்துவிடக் கூடாது. பிஎச் மெல்ல மேலே ஏறும், மறுபடி அமிலம் விட வேண்டும். அளவு நிலைத்த பிறகு 70 டிகிரியிலேயே இன்னும் 3 மணி நேரம். பிஎச் மீட்டரின் மின்முனையில் சிலிகா படிந்தால் அளவீடு மந்தமாகும். இடையிடையே கழுவித் துடைப்பது அவசியம்.

சுட்ட பொடியைச் சோதிக்கும்போது பரப்பளவு எண்ணை மட்டும் நம்பக் கூடாது, சாதாரண சிலிகா ஜெல்லும் நல்ல எண் காட்டும். தாமிர எக்ஸ்-கதிரில் சிதறல் படம் எடுத்தால் 2.3 டிகிரி கோணம் (2θ) அருகே கூர்மையான முகடும், அதன் பின் சிறு முகடுகளும் தெரிய வேண்டும். முதல் முகடு அகன்று, மற்றவை காணாமல் போயிருந்தால் அமிலக் கட்டத்தைத்தான் திரும்பிப் பார்க்க வேண்டும்.

சூளையில் நிமிடத்துக்கு 1 டிகிரி வீதம் ஏற்றி, காற்றில் 550 டிகிரியில் 6 மணி நேரம். சர்ஃபாக்டன்ட் சிதையும்போது அமீன் நாற்றம் வரும், புகைவெளியேற்றும் விசிறி கட்டாயம் ஓட வேண்டும். பொடி பழுப்பாக வந்தால் கரி மிச்சம். காற்றோட்டத்தைக் கூட்டி மறுபடி சுட்டால் வெளுத்துவிடும்.