நாலாம் கட்டத்து முட்டை

அக்டோபர் 17
கொடைக்கானலில் ராத்திரி முழுக்க மழை. காளான் கணக்கெடுக்க நாளைக்கே போய்ப் பிரயோசனமில்லை. நாலைந்து நாள் ஆறட்டும்.

அக்டோபர் 21
எட்டுக் கட்டம். சோலைக்குள் (இந்த மலையின் இயற்கைக் காடு) நாலு, நட்டு வளர்த்த பைன் தோட்டத்தில் நாலு. ஒவ்வொன்றும் 10 மீட்டருக்கு 10 மீட்டர். கயிறு கட்டி, மூலைக்கு ஒரு வெள்ளை நாடா. மரத்தடியில் ஜி.பி.எஸ். பத்து மீட்டர் தள்ளிக் காட்டும், அதை மட்டும் நம்பினால் அடுத்த வாரம் வேறு இடத்தில் நிற்போம். கட்டத்துக்கு நாலு பேர், 20 நிமிஷம். நன்றாகக் கிடைக்கிறதென்று பைனில் கூடுதலாக அஞ்சு நிமிஷம் தேடினால் கணக்கே கெட்டுவிடும்.

நாலாம் கட்டம், சோலையின் ஓரம். இலைச்சருகுக்குள் பாதி புதைந்து ஒரு வெள்ளை முட்டை (இளங்காளான்), காடை முட்டை அளவு. ஒன்றே ஒன்று. வெட்டவில்லை.

அக்டோபர் 22
மூன்று படிவம் வெறுமையாக வந்திருக்கிறது. போகவே இல்லையா, போயும் கிடைக்கவில்லையா? கிடைக்காவிட்டால் 0 என்று எழுதச் சொல்லியாயிற்று. மறுபடியும் சொல்ல வேண்டும்.

அக்டோபர் 23
பைன் கட்டங்களில் காளான் கொட்டிக் கிடக்கிறது. லக்காரியா, வழுவழுப்பான சுய்லஸ் (அடியில் மடிப்பு இருக்காது, பஞ்சுபோலத் துளைதான்), சிவப்பு அமானிடா மஸ்காரியா. மழை அதன் வெள்ளைப் பொட்டுகளைக் கழுவிவிட்டதால் இரண்டு பேர் ரஸுலா என்று வேறு காளானின் பெயரை எழுதிவிட்டார்கள். ரஸுலாவின் தண்டு சாக்பீஸ் மாதிரி படக்கென்று ஒடியும், வளையமும் கிடையாது. அமானிடாவுக்கு மேலே வளையம், கீழே பருத்த அடி, அதைச் சுற்றி அடுக்கடுக்காகச் செதில். அந்த அடியைத்தான் மண்ணிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். கீரை அறுக்கிற மாதிரி அறுக்கக் கூடாது. கத்தியைப் பக்கத்தில் ஆழமாகக் குத்தி, நெம்பி, மண்ணோடு எடுக்க வேண்டும். படம் எடுக்கையிலும் மேல், அடி, பக்கம், நெடுக வெட்டிய பாதி என நாலும் வேண்டும்.

முட்டை அப்படியே.

அக்டோபர் 24
சோலை மரங்கள் பெரும்பாலும் குடைக்காளானோடு வேர்க்கூட்டு (வேரில் ஒட்டி ஒன்றுக்கொன்று ஊட்டம் கொடுக்கும் உறவு) வைப்பதில்லை. பைன் வைக்கும். பைன் வந்தபோது அதன் காளானும் கூடவே வந்தது. நியூசிலாந்தில் இதே மஸ்காரியா பைன் தோட்டத்திலிருந்து அங்கத்துப் பீச் மரக் காட்டுக்குள்ளும் புகுந்துவிட்டது. இங்கே சோலையோரத்தில் ஒரு வெள்ளை முட்டை. தோட்டம் முப்பது மீட்டர்கூட இல்லை. முதலில் கட்டத்துக்குள் தானாக முளைத்த பைன் கன்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதன் வேரில் ஒட்டி வந்ததென்றால் கதை வேறு. பார்த்தோம். இல்லை.

நெடுக வெட்டினால் ஒரு நொடியில் தெரிந்துவிடும். முழுக்க ஒரே வெள்ளை என்றால் பஃப்பால் என்கிற உருண்டைக் காளான். குடையும் மடிப்பும் கோடாகத் தெரிந்து, தோலுக்கடியில் ஆரஞ்சு மஞ்சள் கீற்று ஓடினால் மஸ்காரியா. சுற்றிலும் கொழகொழவென்று கூழ் என்றால் நாற்றக்காளான். ஆனால் இருப்பது ஒன்று. கட்டத்தில் ஒன்றே ஒன்று இருந்தால் தொடக்கூடாது என்பது நாமே வைத்த விதி.

அக்டோபர் 25
"சாப்பிடலாமா?" வழக்கம்போல. பதில் சொல்வதில்லை. நத்தை தின்றிருக்கிறதே என்கிறார்கள். நத்தைக்கு ஒத்துக்கொள்வது மனுசனுக்கு ஒத்துக்கொள்ளாது. சில அமானிடாவைத் தின்றால் ஆறு மணி நேரத்துக்கு மேல் ஒன்றுமே தெரியாது, ஈரல் போகும்.

அக்டோபர் 26
ஸ்போர் பிரிண்ட் (காளான் தாளில் உதிர்க்கும் வித்துத்தூளின் தடம்) ஆறில் நாலு வீண். வெள்ளைத்தாளில் வெள்ளைத்தூள் விழுந்தால் என்ன தெரியும்? பாதி கறுப்பு, பாதி வெள்ளைத் தாள். தண்டை வெட்டிவிட்டு மடிப்பு கீழே இருக்க வைத்து, மேலே ஒரு சொட்டுத் தண்ணீர், டம்ளரால் மூடி விடியும்வரை தொடாதே. இன்னொன்று, பாலித்தீன் பை. வேர்த்து, மதியத்துக்குள் கூழாகிவிடும். செய்தித்தாளில்தான் மடிக்க வேண்டும். உலர்த்தும் கருவியில் 40 டிகிரி. அவசரப்பட்டு ஏற்றினால் வெந்துபோகும்.

அக்டோபர் 28
மூடுபனி. அட்டை. முட்டை கோழிமுட்டை அளவாகிவிட்டது. பொட்டு எதுவும் இல்லை.

அக்டோபர் 30
காலை ஆறரை. முட்டை கிழிந்திருக்கிறது. உறைக்குள் கூழ், வெளியே பஞ்சுத்தண்டு, உச்சியில் ஈ. கிட்டப் போகுமுன்னே வாடை. நாற்றக்காளான்தான்.

படம் எடுக்கக் குனிந்தபோது பெரணிக்கடியில் ஒரு கன்று. ஒரு சாண்கூட இல்லை. ஊசியிலை, மூன்று மூன்றாக.